குளக்கரை நாற்காலி: லைஃப் கார்டு வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு

சென்னையில் ஓ.எம்.ஆர்., ஈ.சி.ஆர். பக்கம் அடுக்குமாடிக் குடியிருப்புக்கோ ரிசார்ட்டுக்கோ லைஃப் கார்டு, அதாவது நீச்சல்குளத்தில் குளிப்பவர்களைப் பார்த்துக் காப்பாற்றும் ஆள், வேலை கேட்டுப் போனால், பெரும்பாலும் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்கள். "நீச்சல் தெரியுமா?" தெரியும் என்று தலையாட்டினால் மறுநாள் காலை ஐந்தரைக்கு வரச் சொல்லிவிடுவார்கள். ஒரு மஞ்சள் டி-ஷர்ட், ஒரு விசில். அவ்வளவுதான் நியமனம். நானும் அப்படித்தான் வந்தேன். கிணற்றில் குதித்து நீச்சல் பழகியவன். கால் கடுக்காமல் ஒரு மணி நேரம் மிதப்பேன். அது போதும் என்றுதான் நினைத்திருந்தேன்.

வேலையில் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, பத்து மணி நேர ஷிஃப்டில் உடம்பு நனையாமலே வீட்டுக்குப் போகும் நாட்கள்தான் அதிகம் என்று. இந்த வேலையில் தேய்வது கையும் காலும் கிடையாது, கண்தான். இனி நான் சொல்லப்போகும் எல்லாமே அந்தக் கண்ணைத் தண்ணீரிலேயே வைத்திருக்க என்ன செய்யலாம் என்பதைப் பற்றித்தான்.

சேருவதற்கு முன்

முறையான பயிற்சி இல்லாமல் நாற்காலியில் ஏறாதீர்கள். புனேயைத் தலைமையிடமாகக் கொண்ட ராஷ்ட்ரிய லைஃப் சேவிங் சொசைட்டி (இந்தியா) நீச்சல்குள லைஃப் கார்டுகளுக்குப் பயிற்சி தந்து சான்றிதழும் கொடுக்கிறது. கோவாவில் தேசிய நீர் விளையாட்டு நிறுவனம் இருக்கிறது. கடற்கரை வேலைக்குப் போக நினைப்பவர்கள் அங்கே விசாரிக்கலாம். சான்றிதழ் இல்லாவிட்டாலும் வேலை கிடைத்துவிடும், அது வேறு விஷயம். ஆனால் ஒரு குழந்தையைத் தூக்கிக் கரையில் போட்ட பிறகு அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் நிற்கும் அந்த அரை நிமிடத்தை நினைத்துப் பாருங்கள். பயிற்சிக் கட்டணம் பெரிதாகத் தோன்றாது.

உங்கள் உடம்பு இந்த வேலைக்குத் தயாரா என்று நீங்களே சோதித்துக்கொள்ள ஒரு வழி உண்டு. அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் லைஃப் கார்டு பயிற்சிக்கு வருபவர்களுக்கு வைக்கும் சோதனை இது. சுமார் 18 மீட்டர் நீந்திப் போக வேண்டும். 7 முதல் 10 அடி ஆழத்துக்கு முங்கி, அடியில் கிடக்கும் 10 பவுண்டு, அதாவது நாலரைக் கிலோ எடையை எடுக்க வேண்டும். அதை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு மல்லாந்து நீந்தித் திரும்ப வேண்டும். ஏணியைத் தொடாமல் கரையேற வேண்டும். எல்லாம் 1 நிமிடம் 40 விநாடிக்குள். கையை விட்டுவிட்டுக் காலால் மட்டும் நீந்துவது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் புரியும். கிணற்று நீச்சல்காரனான என்னால் முதல் முறை முடியவில்லை.

காலையில், கதவைத் திறக்கும் முன்

குளத்தைச் சுற்றி ஒரு நடை நடங்கள். போனைப் பைக்குள் போட்டுவிட்டு நடங்கள்.

முதலில் அடித்தளம். ஆழப் பக்கத்தில் தண்ணீர் வெளியேறும் சல்லடை மூடி, கரையில் நின்று பார்த்தால் தெளிவாகத் தெரிய வேண்டும். கலங்கலாகத் தெரிந்தால் குளத்தைத் திறக்கக் கூடாது. இதில் பேரமே வேண்டாம். மூடி தெரியாத தண்ணீரில் அடியில் கிடக்கும் ஆளும் தெரியமாட்டார். மூடி உடைந்திருக்கிறதா, திருகு கழன்றிருக்கிறதா என்றும் பாருங்கள். பம்ப் இழுக்கும் இழுப்பில் நீளமான தலைமுடியோ துப்பட்டாவோ மாட்டிக்கொண்டால் பெரிய ஆளாலும் பிய்த்துக்கொண்டு மேலே வர முடியாது. பம்ப்பை நிறுத்தும் ஸ்விட்ச் எங்கே இருக்கிறது, பம்ப் ரூம் சாவி யாரிடம் இருக்கிறது என்பதை முதல் நாளே தெரிந்துகொள்ளுங்கள். சாவி செக்யூரிட்டியிடம், செக்யூரிட்டி டீக்கடையில் என்று நிலைமை இருந்தால் அன்றே மேனேஜரிடம் எழுதிக் கொடுங்கள்.

அடுத்தது தண்ணீர்ச் சோதனை. குளோரின் 1 முதல் 3 பி.பி.எம். (பத்து லட்சம் பங்குக்கு இத்தனை பங்கு என்ற கணக்கு), பி.எச்., அதாவது தண்ணீரின் அமில-காரத் தன்மை, 7.2 முதல் 7.8. பல இடங்களில் மஞ்சள் நிறம் காட்டும் ஓ.டி.ஓ. சொட்டு மருந்துதான் வைத்திருப்பார்கள். அது காட்டுவது மொத்தக் குளோரினை. அதில் வேர்வையோடும் மூத்திரத்தோடும் சேர்ந்து வலுவிழந்ததும் அடக்கம். இளஞ்சிவப்பு நிறம் காட்டும் டி.பி.டி. சோதனைதான் கிருமியைக் கொல்ல மீதமிருக்கும் குளோரினைச் சொல்லும். அதிலும் ஒரு கண்ணி உண்டு. குளோரின் அளவுக்கு மீறி இருந்தால் நிறம் வெளுத்துப்போய் ஒன்றுமே இல்லாதது போலக் காட்டும். நேற்று இரவு ஒரு வாளி பவுடர் கொட்டிய குளத்தில் காலையில் நிறமே வரவில்லை என்றால், இன்னொரு வாளி கொட்டுவதற்கு முன் மாதிரித் தண்ணீரோடு நல்ல தண்ணீர் கலந்து மறுபடி சோதியுங்கள்.

பி.எச்.சை யாரும் கண்டுகொள்வதில்லை. 7.5-இல் குளோரினில் ஏறக்குறைய பாதி வீரியத்தோடு இருக்கும். 8-க்குப் போனால் கால் பங்குதான் மிஞ்சும். அதே அளவு குளோரின், அதே செலவு, ஆனால் வேலை செய்யாது. "குளோரின் வாடை தூக்குது, நிறைய போட்டுட்டீங்க" என்று யாராவது சண்டைக்கு வந்தால் பெரும்பாலும் நிலைமை நேர் எதிராக இருக்கும். நல்ல குளத்தில் வாடை தூக்காது. அந்த நெடி, குளோரின் மூத்திரத்தோடும் வேர்வையோடும் கலந்து உண்டானது. இதை வந்தவர் முகத்துக்கு நேரே சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் சாமர்த்தியம்.

மூன்றாவது, கருவிகள். மார்பில் மாட்டிக்கொள்ளும் மிதவை, கயிறு கட்டிய வளையம், நீட்டும் கழி, முதுகெலும்பு அடிபட்டவரைக் கிடத்தும் பலகை, வாயில் வைத்து ஊதும் முகமூடி, முதலுதவிப் பெட்டி. இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது, எட்டும் இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். நான் வேலை பார்த்த ஓரிடத்தில் மிதவை வளையத்தைச் சுவரில் அழகாக ஆணியடித்து மாட்டி, திருடு போகாமலிருக்கக் கம்பியால் கட்டியும் வைத்திருந்தார்கள். முதல் நாளே கட்டிங் பிளேயர் தேடினேன்.

எங்கே உட்காருவது, எப்படிப் பார்ப்பது

நாற்காலியை நிழல் பார்த்துப் போடாதீர்கள், தண்ணீர் பார்த்துப் போடுங்கள். ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். குளம் காலியாக இருக்கும்போது கூட வேலை செய்பவரை அடியில் முங்கிப் படுக்கச் சொல்லுங்கள். காலை 7 மணிக்கு ஒரு முறை, மதியம் ஒரு முறை, சாயங்காலம் 4 மணிக்கு ஒரு முறை. மேற்கே சாயும் வெயில் தண்ணீரில் பட்டுத் தகதகக்கும்போது குளத்தின் ஒரு மூலையே காணாமல் போவதைப் பார்ப்பீர்கள். காலையில் உட்கார்ந்த இடம் சாயங்காலத்துக்கு உதவாது. கண்ணாடி மாதிரி மின்னினால் எழுந்து நின்று பாருங்கள், நடந்து பாருங்கள். உங்கள் காலடிச் சுவருக்குக் கீழே இருக்கும் தண்ணீர் உட்கார்ந்தால் தெரியவே தெரியாது.

10/20 என்றொரு விதி உண்டு. அமெரிக்காவில் ஜெஃப் எல்லிஸ் என்பவரின் நிறுவனம் பரப்பியது. உங்கள் பொறுப்பில் இருக்கும் தண்ணீர் முழுவதையும் 10 விநாடிக்குள் ஒரு முறை கண்ணால் துழாவி முடிக்க வேண்டும். ஆபத்தைக் கண்டால் 20 விநாடிக்குள் அந்த ஆளிடம் போய்ச் சேர வேண்டும். உங்கள் குளத்தில் இது முடியுமா என்று நடந்தும் நீந்தியும் பார்த்துவிடுங்கள். முடியாவிட்டால் குளத்துக்கு இன்னொரு ஆள் தேவை. அதை நிர்வாகத்திடம் எழுத்தில் கேளுங்கள். வாயால் கேட்டது காற்றோடு போகும்.

துழாவுவது என்றால் மேலோட்டமாகத் தலையைத் திருப்புவது என்று நினைத்துவிடாதீர்கள். முதலில் அடித்தளம், பிறகு நடுத் தண்ணீர், கடைசியில் மேற்பரப்பு. புதியவர்கள் எல்லோரும் மேலே தெரியும் தலைகளையே பார்ப்பார்கள். தலை தெரிகிறவன் பெரும்பாலும் மூச்சுவிட்டுக்கொண்டுதான் இருப்பான். நான் மனசுக்குள் தலை எண்ணிக்கொண்டே இருப்பேன். பதினொன்று, பதினொன்று, பத்து. யார் அந்த ஒருவர்? ஏணியில் ஏறிப் போனாரா? பார்த்த பிறகுதான் அடுத்த சுற்று. கழுத்தைத் திருப்பாமல் கண்ணை மட்டும் ஓட்டினால் அரை மணி நேரத்தில் சொருகிவிடும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை உட்கார்ந்த நிலையை மாற்றுங்கள். இரண்டு பேர் இருந்தால் அரை மணிக்கு ஒரு முறை இடம் மாறிக்கொள்ளுங்கள். மாறும்போது வருகிறவர் தண்ணீரைப் பார்க்கத் தொடங்கிய பிறகுதான் போகிறவர் கண்ணை எடுக்க வேண்டும். அந்த இடைவெளியில் நேற்றைய கிரிக்கெட் ஸ்கோர் பேசாதீர்கள்.

கறுப்பு டைல்ஸ் பதித்த குளமாக இருந்தால் உங்கள் கவலை இரட்டிப்பு. ரிசார்ட்டுகளில் இப்போது அதுதான் நாகரிகம். படத்தில் அழகாக இருக்கும். மாநிறக் குழந்தை அடியில் கிடந்தால் நிழலோடு நிழலாகிவிடும்.

மூழ்குகிறவர் கூப்பிடமாட்டார்

இதைத்தான் நான் அதிக நேரம் எடுத்துச் சொல்வேன். மூழ்குகிறவர் இரண்டு கையையும் தூக்கி ஆட்டி "காப்பாத்துங்க" என்று அலறுவார் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அப்படி அலற முடிகிறவர் களைத்துப் போனவர். அவரிடம் இன்னும் மூச்சு இருக்கிறது, கழியை நீட்டினால் பிடித்துக்கொள்வார். நிஜமாக மூழ்குகிறவருக்குக் கத்த மூச்சு கிடையாது.

ஃபிராங்க் பியா என்ற லைஃப் கார்டு நியூயார்க்கின் ஆர்ச்சர்ட் பீச்சில் 1970 வாக்கில் கேமராவை வைத்து, ஆட்கள் மூழ்கும் காட்சிகளையே படம் பிடித்துப் பார்த்தார். அவர் கண்டது இதுதான். ஆள் தண்ணீரில் செங்குத்தாக நிற்பார். கால் உதைக்காது. கைகள் பக்கவாட்டில் விரிந்து தண்ணீரைக் கீழே அழுத்திக்கொண்டிருக்கும், அவரால் அவற்றை உயர்த்தி ஆட்ட முடியாது. தலை பின்னால் சாய்ந்து, வாய் தண்ணீர் மட்டத்துக்கு மேலே ஒரு கணம், கீழே ஒரு கணம் என்று இருக்கும். இது 20 முதல் 60 விநாடி வரைதான். பிறகு அமிழ்ந்துவிடுவார். தூரத்திலிருந்து பார்த்தால் ஏணியில் ஏறுவது போல இருக்கும், ஏணி மட்டும் இருக்காது.

ஒரு மே மாதம், சாயங்காலம் நாலு மணி. சம்மர் கேம்ப் முடிந்து பிள்ளைகள் கலைந்துகொண்டிருந்தார்கள். ஆழமில்லாத பக்கம், மூன்றரை அடித் தண்ணீர். ஐந்து வயசுப் பையன் ஒருவன் படியிலிருந்து ஒரு அடி தள்ளி நின்றான். அவன் அம்மா படியில் உட்கார்ந்து, காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு போன் பேசிக்கொண்டிருந்தார். கை நீட்டினால் எட்டும் தூரம். பையன் குதிப்பது போலத்தான் இருந்தது. எனக்கு உறுத்தியது ஒன்றே ஒன்று. முடி நெற்றியில் வழிந்து இரண்டு கண்ணையும் மூடியிருந்தது, அவன் அதை ஒதுக்கவில்லை. தண்ணீரிலிருந்து தலையைத் தூக்கும் எந்தப் பிள்ளையும் முதலில் செய்வது முகத்தை வழித்துவிடுவதுதான். இவன் கை மேலே வரவேயில்லை.

குதித்தேன். தூக்கியதும் இருமினான், அப்புறம் பெரிய குரலில் அழுதான். அந்த அழுகையைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. "துள்ளி விளையாடுறான்னு நினைச்சேன் தம்பி, பக்கத்துலதானே இருந்தேன்" என்று அந்த அம்மா திரும்பத் திரும்பச் சொன்னார். பொய் சொல்லவில்லை. பக்கத்தில்தான் இருந்தார். பையன் அழுகையை நிறுத்திவிட்டு, "அண்ணா, என் காகிள்ஸ் உள்ள போச்சு" என்றான்.

சத்தமே இல்லாமல் நடக்கும் இன்னொரு வகையும் உண்டு. வலிப்பு வந்தவர், நெஞ்சடைப்பு வந்தவர், தம் பிடிக்கும் போட்டி போட்டவர். இதில் தம் பிடிப்பவர்கள் நல்ல நீச்சல்காரர்கள். அதனால்தான் அவர்கள்மேல் யாருக்கும் சந்தேகம் வராது. வேகவேகமாகப் பலமுறை மூச்சிழுத்துவிட்டு முங்கினால் உடம்பிலிருக்கும் கரியமில வாயு குறைந்துவிடும். மூச்சு முட்டும் உணர்வு வருவதே அந்த வாயு ஏறுவதால்தான். அது வருவதற்குள் பிராணவாயு தீர்ந்து, தண்ணீருக்குள்ளேயே நினைவு தப்பிவிடும். "யாரு ரொம்ப நேரம் முங்குறான்னு பாப்போம்" என்று பையன்கள் தொடங்கினாலே விசில் அடியுங்கள். கெஞ்சுவார்கள். பரவாயில்லை.

கண்ணைத் தண்ணீரிலிருந்து இழுப்பவர்கள்

அதே பியா 1984-இல் லைஃப் கார்டு இருக்கும்போதே ஆள் மூழ்கிப்போவதற்கு மூன்று காரணங்கள் சொன்னார்: மூழ்குவதை அடையாளம் தெரியாமல் போவது, வேறு வேலைகள் குறுக்கே நுழைவது, கவனம் சிதறுவது. நம்மூரில் நடுவில் சொன்னதுதான் பெரிய வில்லன் என்பது என் அனுபவம். நம்மை லைஃப் கார்டு என்று யாரும் கூப்பிடுவதில்லை. கோச், மாஸ்டர், அண்ணா, சில இடங்களில் "பூல்காரரே". கோச் என்று கூப்பிட்டவர் தன் பிள்ளைக்கு நீச்சல் சொல்லித்தரச் சொல்வார். பூல்காரரே என்றவர் நாற்காலியைத் துடைக்கச் சொல்வார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அசோசியேஷன் செயலாளர் வந்தார்.

"தம்பி, கேட்டுல கேட்டரிங் வண்டி நிக்குது. ரெண்டு டேபிள் மட்டும் இறக்கிக் குடுத்துட்டு வந்துரு."

"சார், குளத்துல ஒன்பது பேர் இருக்காங்க சார்."

"அஞ்சு நிமிஷம்தானப்பா."

"அப்ப எல்லாரையும் மேல ஏத்திட்டுப் போறேன் சார். வந்து திரும்பத் திறந்துக்கலாம்."

அவருக்குக் கோபம்தான். ஆனால் ஒன்பது பேரை ஈரத்தோடு வெளியே ஏற்றி, ஏன் என்று அவர்கள் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்வதைவிட செக்யூரிட்டியைக் கூப்பிடுவது சுலபம் என்று அவருக்கே தெரிந்தது. இதுதான் நான் கற்ற வழி. முடியாது என்று சொல்லாதீர்கள். "குளத்தை மூடிவிட்டு வருகிறேன்" என்று சொல்லுங்கள். பணிவாகவும் இருக்கும், வேலையும் நடக்கும். அதே மாதிரி, பயிற்சி கொடுக்கும் நேரத்தில் நீங்கள் பயிற்சியாளர். அப்போது கரையில் வேறொருவர் கட்டாயம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். வேக்யூம் அடிப்பது, பேக்வாஷ் போட்டு ஃபில்டரைக் கழுவுவது, டைல்ஸ் தேய்ப்பது எல்லாம் ஆள் இல்லாத நேரத்தில் மட்டும்.

போனைப் பற்றி ஒரே வரி. லாக்கரில் வையுங்கள். அவசரத்துக்குக் குளக்கரையில் ஒரு இணைப்பு வேண்டும் என்று நிர்வாகத்திடம் கேளுங்கள்.

விசிலும் விதிகளும்

விசிலுக்கு ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சின்ன ஊதல், குளிப்பவரைக் கூப்பிட. இரண்டு, கூட வேலை பார்ப்பவரைக் கூப்பிட. ஒரு நீண்ட ஊதல், நான் தண்ணீரில் இறங்குகிறேன் என்று சொல்ல. இது ஊருக்கு ஊர் மாறும். உங்கள் குளத்தில் செக்யூரிட்டி வரைக்கும் எல்லோரும் ஒரே கணக்கை வைத்திருப்பதுதான் முக்கியம். ஓயாமல் ஊதுகிற விசிலை யாரும் மதிக்கமாட்டார்கள். ஈரத் தரையில் ஓடும் பிள்ளையை விசில் அடித்து நிறுத்திவிட்டு, கிட்டே வரச் சொல்லி, "கண்ணா, வழுக்கும், நடந்து போ" என்று சொன்னால் நான்கு நாளில் பழகிவிடும்.

உடை விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாக இருங்கள். பருத்திச் சுடிதார், ஜீன்ஸ், இடுப்பில் கட்டிய துண்டு எல்லாம் ஈரத்தில் கனத்து இழுக்கும். பெண்களிடம் இதைச் சொல்லக் கூச்சமாக இருந்தால் அலுவலகத்திலிருக்கும் அக்கா யாரையாவது சொல்லச் சொல்லுங்கள், வாசலிலேயே போர்டு வையுங்கள். எண்ணெய் வைத்த தலையோடு வருபவரைக் குளித்துவிட்டு வரச் சொல்லுங்கள். கையில் மாட்டும் காற்றுப் பட்டையை நம்பிப் பிள்ளையைத் தண்ணீரில் விட்டுவிட்டுப் போகும் பெற்றோரைத் திரும்பக் கூப்பிடுங்கள். அது விளையாட்டுப் பொருள், உயிர்காக்கும் கருவி கிடையாது. குடித்துவிட்டு வருகிறவரிடம் வாதாடாதீர்கள். மேனேஜரைக் கூப்பிடுங்கள், அவர் வரும்வரை அந்த ஆளைவிட்டுக் கண்ணை எடுக்காதீர்கள். ஆழமில்லாத பக்கம் தலைகீழாகப் பாய்வதற்கு முதல் எச்சரிக்கை, இரண்டாம் எச்சரிக்கை எல்லாம் கிடையாது. கழுத்தெலும்பு முறிவதற்கு ஒரே ஒரு பாய்ச்சல் போதும்.

இறங்க வேண்டிய நேரம்

வரிசை இது: நீட்டு, வீசு, கடைசியாக இறங்கு. கழி எட்டுமானால் கழி. வளையம் எட்டுமானால் வளையம், தலைக்கு மேலே போய் விழும்படி வீசிக் கயிற்றை இழுத்தால் அவர் கைக்கு வரும். இரண்டும் ஆகாது, அல்லது அவருக்குப் பிடிக்கும் தெம்பு இல்லை என்றால் மட்டும் இறங்குங்கள். அதற்கு முன் நீண்ட விசில்.

1. மிதவையோடு இறங்குங்கள். வெறுங்கையோடு போனால் அவருக்கு மிதவை நீங்கள்தான்.
2. அவர்மேல் வைத்த கண்ணை எடுக்காமல் தலையைத் தூக்கியபடி நீந்துங்கள்.
3. பின்பக்கமாகப் போங்கள். முன்னால் போனால் கழுத்தைக் கட்டிக்கொள்வார். அவர்மேல் தப்பு கிடையாது, உயிர்ப் பயம்.
4. அக்குளுக்கு அடியில் கையைவிட்டு மிதவையை இருவருக்கும் நடுவில் வைத்து மல்லாத்துங்கள். "பிடிச்சுட்டேன், ஒண்ணும் இல்லை" என்று பேசிக்கொண்டே வாருங்கள்.
5. அப்படியும் கட்டிப்பிடித்துவிட்டால் மேலே வரப் போராடாதீர்கள், கீழே முங்குங்கள். அவருக்கு வேண்டியது மேலே. தானாகவே கையை விட்டுவிடுவார்.

தலைகீழாகப் பாய்ந்து அடிபட்டவர் என்ற சந்தேகம் இருந்தால் தடாலென்று குதித்து அலை கிளப்பாதீர்கள். மெதுவாகச் சறுக்கி இறங்கி, தலையும் கழுத்தும் உடம்பும் ஒரே நேர்கோட்டில் இருக்கும்படி பிடித்து, பலகை வரும்வரை மிதக்கவிடுங்கள். ஆனால் மூச்சு இல்லை என்றால் முதுகெலும்புக் கணக்கு இரண்டாம்பட்சம், உடனே கரையேற்றுங்கள்.

ஒரு விதிவிலக்கு. தண்ணீருக்குள் விளக்கு இருக்கும் குளத்தில் ஒருவர் விறைத்துக் கிடக்கிறார், மற்றவர்கள் சுரீரென்கிறது என்கிறார்கள் என்றால் குதிக்காதீர்கள். மெயினை அணையுங்கள்.

கரையில்

நம்மூரில் மூழ்கியவரைக் கரையேற்றியதும் நாலு பேர் கூடிவிடுவார்கள். ஒருவர் வயிற்றை அமுக்கித் தண்ணீரை எடுக்கச் சொல்வார், இன்னொருவர் பிள்ளையின் காலைப் பிடித்துத் தலைகீழாகச் சுற்றச் சொல்வார். இரண்டும் தப்பு. வயிற்றை அமுக்கினால் வருவது சாப்பாடு; அது மூச்சுக்குழலுக்குள் போகும். அவருக்கு இல்லாமல் போனது காற்று. அதைத்தான் முதலில் கொடுக்க வேண்டும்.

கூப்பிட்டுப் பாருங்கள், தோளைத் தட்டுங்கள். அசைவில்லை என்றால் ஒருவரை விரல் நீட்டிக் குறிப்பிட்டு, "நீங்க 108-க்குப் போன் பண்ணுங்க" என்று சொல்லுங்கள். பொதுவாகச் சொன்னால் ஆளுக்கு ஆள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். இன்னொருவரைக் கேட்டுக்கு அனுப்பி ஆம்புலன்ஸுக்கு வழிகாட்டச் சொல்லுங்கள். பெரிய வளாகங்களில் எந்த பிளாக் என்று தேடியே நேரம் போய்விடும்.

தலையைப் பின்னால் சாய்த்து, தாடையைத் தூக்கி, 10 விநாடிக்குள் மூச்சு இருக்கிறதா என்று பாருங்கள். இழுத்து இழுத்து வரும் திணறல் மூச்சைக் கணக்கில் சேர்க்காதீர்கள். மூச்சு இல்லை என்றால் முதலில் வாய்வழி ஊதல்: ஐரோப்பிய முறையில் 5, அமெரிக்க முறையில் 2. நீங்கள் எதைப் பயின்றீர்களோ அதைச் செய்யுங்கள். பிறகு நெஞ்சின் நடுவில் 30 அழுத்தம், 2 ஊதல், 30 அழுத்தம், 2 ஊதல். பெரியவர்களுக்கு 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 வேகம். நெஞ்சடைப்புக்கு ஊதாமல் அழுத்தினால் மட்டும் போதும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். மூழ்கியவருக்கு அது பொருந்தாது; இங்கே இதயம் நின்றதே காற்று இல்லாமல்தான். வாயில் நுரை வந்துகொண்டே இருக்கும். துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடாதீர்கள், ஊதிக்கொண்டே போங்கள். வாந்தி எடுத்தால் ஒருக்களித்துத் திருப்பி, வழித்துவிட்டுத் தொடருங்கள். ஏ.இ.டி., அதாவது நின்ற இதயத்துக்கு மின்னதிர்ச்சி தரும் கருவி, இருந்தால் நெஞ்சை நன்றாகத் துடைத்த பிறகு அதன் பட்டைகளை ஒட்டுங்கள்.

எழுந்து உட்கார்ந்து "நல்லாயிட்டேன்" என்று சொன்னாலும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பாமல் விடாதீர்கள். நுரையீரலுக்குள் போன தண்ணீர் சில மணி நேரம் கழித்தும் மூச்சைத் திணறவைக்கும்.

ரசாயனம், மழை, இன்னபிற

பம்ப் ரூமில் இரண்டு சட்டங்கள். ஆசிட்டும் குளோரினும் ஒரே வாளியைத் தொடக்கூடாது. சேர்ந்தால் நச்சு வாயு. பவுடர் குளோரினும் மாத்திரைக் குளோரினும் வெவ்வேறு ரசாயனங்கள். ஒரே டப்பாவில் கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். கரைக்கும்போது தண்ணீரில் ரசாயனத்தைப் போடுங்கள், ரசாயனத்தின்மேல் தண்ணீரை ஊற்றாதீர்கள். கையுறை, கண்ணாடி கேட்டு வாங்குங்கள். கைலியைக் கட்டிக்கொண்டு வெறுங்காலோடு ஆசிட் ஊற்றும் அண்ணன்களைப் பார்த்திருக்கிறேன், அவர்கள் கால்களையும் பார்த்திருக்கிறேன்.

இடிச் சத்தம் கேட்டால் எல்லோரையும் ஏற்றுங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்துத்தான் மறுபடி திறக்க வேண்டும். ஒவ்வொரு புது இடிக்கும் கணக்கு முதலிலிருந்து. "தூரத்துலதானே இடிக்குது" என்பார்கள். கேட்கும் தூரம் என்றால் விழும் தூரம்தான்.

குழந்தை தண்ணீரிலேயே வெளிக்கிருந்துவிட்டால் முகம் சுளிக்காமல் குளத்தை மூடுங்கள். கெட்டியாக இருந்தால் வலையில் அள்ளிவிட்டு, பி.எச். 7.5-க்கு மேல் போகாமல் குளோரினை 2 பி.பி.எம்.மில் 25 நிமிடம் நிறுத்தினால் போதும் என்பது அமெரிக்க நோய்த்தடுப்பு மையத்தின் கணக்கு. பேதியாக இருந்தால் அன்றைக்குக் குளம் கிடையாது, மறுநாளும் சந்தேகம்தான்.

மூடும்போது

பதிவேட்டை அன்றன்றைக்கே எழுதுங்கள். ஓரிடத்தில் எனக்கு முன்னால் இருந்தவர் எழுதிய நோட்டைப் புரட்டினேன். மூன்று மாதமும் பி.எச். 7.4, குளோரின் 2. ஒரே பேனா, ஒரே சாய்வு. கடைசிப் பக்கத்தில் வரப்போகும் வாரத்துக்கும் எழுதி வைத்திருந்தார். ஏதாவது நடந்து போலீஸ் வந்து நோட்டைக் கேட்டால் அந்த ஒரு வாரம் போதும், உங்கள் பேச்சை யாரும் நம்பாமல் போக. சோதனை எண்கள், நேரம், எத்தனை பேர், யாரை எதற்காக எச்சரித்தீர்கள், எந்தக் கருவி பழுது, யாரிடம் சொன்னீர்கள். இவ்வளவு போதும். கீறல் காயத்தையும் எழுதுங்கள்.

கடைசி ஆள் போன பிறகு விளக்கை அணைக்காமல் ஒரு சுற்று வாருங்கள். நாலு மூலையிலும் நின்று அடித்தளத்தைப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு ஹேர் கிளிப், ஒரு காகிள்ஸ், எப்போதாவது ஒரு மெட்டி கிடக்கும். உடை மாற்றும் அறைக்குள்ளும் ஷவருக்குள்ளும் குரல் கொடுத்துவிட்டு எட்டிப் பாருங்கள். நாற்காலி, டப் எதையும் வேலிக்குப் பக்கத்தில் விட்டுவிடாதீர்கள். ஏறிக் குதிக்க அது போதும். பிறகு விளக்கு, பம்ப் நேரம், கதவு. பூட்டைப் போட்டுவிட்டு ஒரு முறை இழுத்துப் பாருங்கள். இரண்டு அடி நடந்துவிட்டுச் சந்தேகம் வந்தால் திரும்பிப் போய் இன்னொரு முறையும் இழுத்துப் பாருங்கள். நான் இன்றைக்கும் அப்படித்தான் செய்கிறேன்.